கறுப்பு வயரை வெட்டி ஒட்டினால் போதுமா?

கடிதம் ஒன்பது பக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில், கணக்கெழுதும் வேலை, வயது 39, ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகன். அப்பாவுக்கு 74 வயது. பஹ்ரைனில் வேலை பார்த்தவர், 1991-ல் லீவுக்கு வரும்போது ஒரு ரேடியோ கன்ட்ரோல் விமானக் கிட்டைப் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறார். பால்சா என்ற லேசான கட்டை, ஐந்தடி இறக்கை, மெத்தனால் எரிபொருளில் ஓடும் 40 சைஸ் குளோ எஞ்சின், நாலு சானல் 72 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். செட். லீவுக்கு வரும்போதெல்லாம் பறக்கவிட்டவர், 1999-க்குப் பிறகு அதைப் பழைய சேலையில் சுற்றி மச்சில் வைத்துவிட்டார். போன வருடம் ஓடு மாற்றும்போது கீழே இறங்கியது.

திறந்து பார்த்தால் பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி. கறுப்பு வயர் பச்சை பிடித்துக் கிடக்கிறது. வெண்கலப் பாத்திரம் தேய்க்கும் பழக்கத்தில் புளித்தண்ணீர் வைத்துத் துடைத்திருக்கிறார். பிறகு பக்கத்து டிவி ரிப்பேர் கடையில் கொடுக்க, அவர் கெட்டுப்போன நாலு இஞ்சை வெட்டி, நல்ல வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மீட்டரில் பீப் சத்தம் வைத்துக் காட்டி அனுப்பியிருக்கிறார். பொம்மைக் கடை பிளாஸ்டிக் டப்பாவில் நாலு பென்சில் செல் போட்டதும் சர்வோக்கள், அதாவது இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்ப் பெட்டிகள், அசைந்தன. ஆனால் நடுங்குகின்றன. துபாயில் இருக்கும் தம்பி, 'பவர் பத்தல, ரெண்டு செல் லிப்போ போடு, சரியாயிடும்' என்கிறாராம். லிப்போ என்றால் லித்தியம் பாலிமர் பேட்டரி. மகன், வால் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த வயர் அசிங்கமாக இருக்கிறதென்று ஒரு சாண் வெட்டிவிட்டான். அப்பாவோ, 'அந்தக் காலத்துச் செம்பு, அசல் சரக்கு, நான் பாத்துப் பாத்துக் கட்டினது, ஒருத்தனும் தொடப்பிடாது' என்று திண்ணையிலிருந்து சத்தம் போடுகிறார்.

கேள்விகள் மூன்று. வெட்டி ஒட்டியது போதுமா? லிப்போ போடலாமா? வரும் மாசியில் அப்பாவின் பிறந்தநாளன்று பறக்கவிடலாமா?

சகோதரி, நேரில் வந்திருந்தால் 'மக்ளே, மொதல்ல அந்த டப்பாவைக் கழற்று' என்றுதான் ஆரம்பித்திருப்பேன். எழுத்தில் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் நாற்பது வருடமாக சால்டரிங் அயர்ன் பிடித்த கை இது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. இந்த விமானம் பறக்க வேண்டுமா, சுவரில் தொங்க வேண்டுமா? பறக்க வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து ரிசீவர் (சிக்னல் வாங்கும் டப்பா) வரை பழைய செம்பு ஒரு இழைகூட மிஞ்சக்கூடாது. சுவரில் தொங்க வேண்டுமென்றால் பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு வேறு எதையும் தொடக்கூடாது. கொஞ்சம் பழசு, கொஞ்சம் புதுசு என்று நீங்கள் இப்போது வைத்திருக்கும் நிலைமை இரண்டுக்கும் ஆகாது.

அந்த வெள்ளைப் பொடி கடல் உப்பு அல்ல

கொளச்சல் காற்று வீசும் ஊரில் எது துருப்பிடித்தாலும் நாம் கடலைத்தான் பழி சொல்வோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இந்த விஷயத்தில் கடல் நிரபராதி.

உங்கள் அப்பா காலத்துப் பேட்டரி நிக்கல்-காட்மியம். நாலு செல், செல்லுக்கு 1.2 வோல்ட் வீதம் 4.8 வோல்ட். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்கிற காரம். வருடக்கணக்கில் கிடந்தால் செல்லின் மூடியோரம் வழியாக இது கசியும். கசிந்தது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்தால் பொட்டாசியம் கார்பனேட். நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி அதுதான். இந்தக் காரத்துக்கு ஒரு கெட்ட குணம்: நெகட்டிவ் பக்கமாகவே ஊர்ந்து ஏறும். கறுப்பு வயரின் தோலுக்குள்ளே, செம்பு இழைகளின் மேலே, அங்குலம் அங்குலமாகப் போகும். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதைக் 'கறுப்பு வயர் நோய்' என்றே சொல்வார்கள்.

கடல் உப்பா, பேட்டரிக் காரமா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உப்புக்காற்று சிவப்பு, கறுப்பு பார்க்காது. இரண்டையும் திறந்த முனையில் பிடிக்கும். படகில் பேட்டரி டெர்மினல் களிம்பு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. காரமோ கறுப்பை மட்டும் பிடிக்கும், அதுவும் தோலுக்குள்ளே. வயரின் நடுவில் பிளேடால் கால் இஞ்ச் உரித்துப் பாருங்கள். உள்ளே புதுச் செப்புக்காசு மாதிரி மின்னினால் நல்ல வயர். கரி பூசினது மாதிரியோ பாசி பிடித்தது மாதிரியோ இருந்தால் நோய் அங்கேயும் வந்துவிட்டது.

புளித்தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் செய்தது முழுத் தப்பில்லை, பாதி சரி. காரத்தை அமிலம்தான் முறிக்கும், புளியில் அமிலம் இருக்கிறது. பலர் இதற்கு ஆப்பசோடா போடுவார்கள். கார் பேட்டரிக்கு அது சரி, ஏனென்றால் அங்கே கசிவது அமிலம். இங்கே கசிவது காரம், ஆப்பசோடாவால் பிரயோசனமில்லை. ஆனால் புளியில் சக்கையும் உப்பும் உண்டு. வெண்கல உருளி தாங்கும், வயர் தாங்காது. சுவிட்சின் வெளிப்பக்கம், பேட்டரி இருந்த பலகை, கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டர் டப்பா ஆகியவற்றைத் துடைக்க வெள்ளை வினிகரில் நனைத்த காது குடையும் பஞ்சு போதும். பிறகு தண்ணீர்ப் பஞ்சு, அதன் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கையுறை போடுங்கள். தொட்ட விரல் சோப்பு மாதிரி வழுவழுவென்று இருந்தால் அது காரம் தோலைக் கரைப்பதால் வரும் வழுவழுப்பு. உடனே குழாயைத் திறந்து கழுவுங்கள். பையன் அந்தக் கையால் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரைத் துடைத்துப் பிழைக்கவைக்க முடியாது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். சுரண்டி ஒட்டவைத்தாலும் நோய் அடுத்த இஞ்சில் காத்திருக்கும்.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

டிவி கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். மேசைமேல் அசையாமல் நிற்கும் டிவிக்கு அவர் செய்த வேலை போதும். விமானம் டிவி இல்லை. 40 சைஸ் எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று ஓடினால், நொடிக்கு 160 தடவைக்கு மேல் அந்த முறுக்கிய முடிச்சு உதறப்படுகிறது. நம் ஊர் வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழியும். பங்குனியில் ஒரு மதியம் வயலில் விமானத்தை வைத்துப் பாருங்கள், டேப் நழுவி விரலில் பிசுபிசுக்கும்.

மீட்டரின் பீப் என்ன சொல்கிறது? 'ஏதோ ஒரு வழி இருக்கிறது' என்று மட்டும்தான். இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது செத்து ஒன்று உயிரோடிருந்தாலும் பீப் அடிக்கும். ஒற்றையடிப் பாதையும் நாலுவழிச் சாலையும் அதற்கு ஒன்றுதான்.

அந்தக் காலத்து சாதாரண சர்வோ ஒன்று பாரத்தில் திணறும்போது முக்கால் ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று இழுக்கும். நாலு சர்வோவும் ஒரே நேரத்தில் வேலை செய்து இரண்டு ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயரிலும் சுவிட்சிலும் சேர்த்து அரை ஓம் கூடுதல் தடை இருந்தால் போதும், ஒரு முழு வோல்ட் வழியிலேயே போய்விடும். 4.8-ல் ஒன்று போனால் மிச்சம் 3.8. ரிசீவர் தடுமாறும், சர்வோ நடுங்கும். உங்கள் சர்வோக்கள் நடுங்குவதற்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

சோதிக்கும் முறை: எல்லாவற்றையும் இணைத்து, சுவிட்சைப் போட்டு, டிரான்ஸ்மிட்டரின் இரண்டு ஸ்டிக்கையும் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். அது பையனுக்குப் பிடித்த வேலையாக இருக்கும். அப்போது பேட்டரி முனையில் வோல்டேஜ் எவ்வளவு, ரிசீவரில் பேட்டரி வயர் செருகும் பின்னில் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வயரும் சுவிட்சும் தின்றது. என் கடையில் கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த விமானத்தை வெளியே அனுப்ப மாட்டேன்.

இந்தப் பிடிவாதம் படித்து வந்ததில்லை. 1997 வாக்கில் எனக்கும் ஒரு விமானம் இருந்தது. பேட்டரி கசிந்திருந்தது. புதுப் பேட்டரி போட்டேன், கனெக்டரை மாற்றினேன், சுவிட்சுக்குப் போகும் கறுப்பு வயர் 'பார்க்க நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிட்டேன். சோம்பல், வேறொன்றுமில்லை. சுசீந்திரம் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் மூன்றாவது சுற்றில் இடதுபக்கம் திரும்பியது, திரும்பிக்கொண்டே போனது. என் கையில் ஸ்டிக் அசைகிறது, மேலே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பனையின் கழுத்தில் போய்ச் செருகியது. கீழே இறக்கி அந்த வயரை வளைத்தேன். காய்ந்த ஈர்க்குச்சி மாதிரி தோலுக்குள்ளேயே முறிந்தது. பனைக்கு இருபதடி தள்ளிப் புல்லறுத்துக்கொண்டிருந்த அம்மாவை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

எதை மாற்றுவது, எதை விடுவது

பறக்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால்:

பேட்டரி, பேட்டரி வயர், சுவிட்ச் மூன்றும் போக வேண்டும். சுவிட்சின் உள்ளே இருக்கும் தகடுகளும் கறுத்திருக்கும், வெளியே தெரியாது. போதாததற்கு, குளோ எஞ்சின் புகையோடு துப்பும் எண்ணெய் அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். புதுச் சுவிட்சை சைலன்சர் இல்லாத பக்கத்தில் பொருத்துங்கள். பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் 22 கேஜ் வயர், சிலிக்கான் தோல் உள்ளதாக, பல இழை கொண்டதாக வாங்குங்கள். இந்த அமெரிக்க கேஜ் கணக்கில் எண் குறையக் குறைய வயர் தடிக்கும், குழம்பாதீர்கள். சர்வோ நீட்டிப்பு வயருக்கு 26 கேஜ் போதும். வீட்டு ஒயரிங்கில் போடும் ஒற்றைக்கம்பி வயர் எக்காரணத்தாலும் வேண்டாம், அதிர்வில் முறியும்.

பிளாஸ்டிக் செல் டப்பாவைப் பையனுடைய டார்ச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் செல், அதிர்வில் ஒரு நொடி துள்ளினால் போதும். தகடு வெல்டு செய்து கட்டிய நாலு செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேக் வாங்குங்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அப்பாவின் பழைய சுவர் சார்ஜர் 50 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். அந்தக் காலத்து 500, 600 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) பேக்குக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. இப்போது கிடைக்கும் 2000 எம்.ஏ.எச். பேக் அதில் நிரம்ப இரண்டு நாளுக்கும் மேல் ஆகும். 'ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேனே' என்று காலையில் பறக்கவிட்டால் கால்வாசி நிரம்பிய பேட்டரியோடுதான் மேலே போகும். புது சார்ஜர் வாங்கிவிடுங்கள்.

இணைப்பு வேலையில் ஈயம் ரெசின் உள்ள 60/40 ஆக இருக்கட்டும். பாத்திரக்காரர் வைத்திருக்கும் திராவகமும் அமிலப் பேஸ்ட்டும் கிட்டே வரக்கூடாது, அவை அடுத்த களிம்புக்கு இன்றே விதை போடும். வயருக்கு வயர் பற்றவைக்கும் இடங்கள் சிவப்பிலும் கறுப்பிலும் ஒரே நேராக வராமல் முன்னும் பின்னுமாக இருக்கட்டும், ஒன்றின் ஸ்லீவ் கிழிந்தாலும் மற்றதைத் தொடாது. ஈயம் ஏறிய இடம் கம்பி மாதிரி விறைக்கும், அது முடிகிற விளிம்பில்தான் வயர் முறியும். ஆகவே சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை அந்த விளிம்பைத் தாண்டி அரை இஞ்ச் நீட்டி விடுங்கள். சர்வோ பின்களில் ஈயம் வைக்கவே கூடாது, கிரிம்ப் செய்ய வேண்டும், அதாவது கருவியால் நெரித்துப் பிடிக்கவைக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் கிரிம்ப் செய்த ரெடிமேட் வயர் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

வயர் நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. 'கறுப்பு நியூட்ரல்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு ஒயரிங் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் ஃபுட்டாபா கம்பெனி செட்டில் கறுப்பு நெகட்டிவ், சிவப்பு பாசிட்டிவ், வெள்ளை சிக்னல். ஜே.ஆர். சர்வோ என்றால் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு. ஹைடெக் என்றால் கறுப்பு, சிவப்பு, மஞ்சள். இவை எல்லாவற்றிலும் சிவப்பு நடுவில் வரும். பழைய ஏர்ட்ரானிக்ஸ், சன்வா செட்களில் வரிசையே வேறு. யாராவது 'சர்வோ சும்மா கிடக்கு, எடுத்துக்கோ' என்று கொடுத்தால் நிறத்தை நம்பிச் செருகாதீர்கள், ரிசீவர் புகையும்.

சர்வோக்களை என்ன செய்வது? புது வயர் போட்ட பிறகும் ஒன்று மட்டும் நடுங்கினால் அதை வேறு சானலில் மாற்றிச் செருகுங்கள். நடுக்கம் சர்வோவோடு சேர்ந்து நகர்ந்தால் அதன் உள்ளே நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது. 25 வருடம் மச்சில் வெந்த சர்வோவை, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரில் போட்டுப் பறக்கவிட எனக்கு மனம் வராது. நாலையும் மாற்றுங்கள் என்பதுதான் என் யோசனை. மரமும் எஞ்சினும் சர்வோவைப் பலகைகளோடு இணைக்கும் புஷ்ராடும் அப்பாவுடையதாகவே இருக்கட்டும்.

கடிதத்தில் ஒரு வரிகூட வராத விஷயம் டிரான்ஸ்மிட்டர். அதற்குள்ளும் அதே ஜாதி பேட்டரிதான், எட்டு செல், 9.6 வோல்ட். எல்லோரும் விமானத்தைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், கையில் பிடிக்கிற டப்பாவை மறந்துவிடுவார்கள். பின்மூடியை இன்றே திறந்து பாருங்கள். காரம் சர்க்யூட் போர்டில் வடிந்திருந்தால், செப்புக் கோடுகள் பச்சையாகப் பூத்திருக்கும்.

கழற்றிய செல்களைத் தென்னை மூட்டில் புதைக்கவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். காட்மியம் விஷம், கிணற்றுத் தண்ணீரில் இறங்கினால் எடுக்க முடியாது. மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

தம்பி சொன்ன லிப்போ

வேண்டாம். இரண்டு செல் லிப்போவை 7.4 வோல்ட் என்பார்கள், முழு சார்ஜில் அது 8.4. உங்கள் ரிசீவரும் சர்வோவும் 4.8-லிருந்து 6 வோல்ட் வரைக்கும் என்று செய்யப்பட்டவை. பவர் பத்தாமல் நடுங்கவில்லை, வழியில் தொலைந்து நடுங்குகிறது. ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் தம்பி. வேகமாக ஊற்றினால் இங்கே குடமே வெடிக்கும். வோல்டேஜ் குறைக்கும் ரெகுலேட்டர் போட்டு லிப்போ பயன்படுத்துகிறவர்கள் உண்டு. முதல் விமானத்தில் இன்னொரு கருவியை, இன்னொரு பழுதுக்கான இடத்தைச் சேர்க்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பையன் வெட்டிய வயர்

திட்டாதீர்கள். தொங்கிக்கொண்டிருக்கும் ஒற்றை வயர் எதற்கு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதுதான் ரிசீவரின் ஆன்டெனா. 72 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 4.16 மீட்டர். அதில் கால் பங்கு, ஒரு மீட்டரை ஒட்டி, ஆன்டெனா இருக்கும். அந்த நீளத்துக்கென்றே ரிசீவர் டியூன் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு சாண் குறைந்தால் முற்றத்தில் ஒன்றும் தெரியாது, வயலின் அந்தக் கரையில் தெரியும். வெட்டிய துண்டு இருந்தால் திரும்பப் பற்றவைக்கலாம், இல்லாவிட்டால் அதே தடிமனில் அதே நீளத்துக்கு வேறு வயர் சேர்க்கலாம். மடக்கியோ சுருட்டியோ உள்ளே திணிக்கக்கூடாது.

ஆனால் பறக்கத்தான் போகிறதென்றால், நான் அந்த 72 மெகாஹெர்ட்ஸ் செட்டையே நம்பச் சொல்ல மாட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்று வாங்குங்கள். அந்த அலைவரிசை இந்தியாவில் 2005 முதல் உரிமம் தேவையில்லாதது, குறுக்கீட்டுத் தொல்லையும் குறைவு. அப்பாவின் டிரான்ஸ்மிட்டர் அலமாரியில் மரியாதையாக இருக்கட்டும்.

மாசியில் பறக்கலாமா?

காலம் நல்ல காலம்தான். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும், ஆடிக் காற்றும் இருக்காது. முப்பந்தலில் காற்றாலைகளை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை, ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கடற்கரையும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆள்.

சட்டமும் உண்டு. 2021 ட்ரோன் விதிகள் பொம்மை விமானத்தைத் தொடாது என்று உங்கள் அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தொடும். பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கும் 25 கிலோவுக்குட்பட்ட மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகைதான் அதில் இருக்கிறது. வியாபாரமில்லாமல் பறக்கவிடுகிறவருக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்ற சலுகை 2 கிலோ வரைக்கும்தான். 40 சைஸ் எஞ்சின் போட்ட பயிற்சி விமானம் எரிபொருளோடு சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். அண்டியாபீஸில் நல்ல தராசு இருக்குமே, முதலில் நிறுத்துப் பாருங்கள். பதிவு நடைமுறையையும், அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் வயல் பச்சையா மஞ்சளா சிவப்பா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். பக்கத்து மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கின்றன, நம் பக்கம் காலி வானம்தானே என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. குளோ எரிபொருளில் இருக்கும் மெத்தனாலுக்கும் தமிழ்நாட்டில் கட்டுப்பாடு உண்டு, அதை எப்படி வாங்குவது என்பது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

ஆனால் நாள் குறிப்பது ஆபத்து. வேலை முடிந்தால் பறக்கலாம் என்று வையுங்கள், பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வைக்காதீர்கள். அந்தக் கடைசி ராத்திரியில்தான் 'இந்த ஒரு வயர் இருக்கட்டும்' என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. பிறந்தநாளுக்கு எஞ்சின் போடாமல் முற்றத்தில் வைத்து, நாலு சர்வோவும் நடுக்கமில்லாமல் அசைவதைக் காட்டினால்கூட அப்பாவுக்கு அது பெரிய விஷயம். முதல் தடவை மேலே ஏற்றும்போது ஸ்டிக் பிடிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கைபேசி விளையாட்டில் ஓட்டிய அனுபவம் கணக்கில் வராது என்று பையனுக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்பாவிடம் என்ன சொல்வது

'அந்தக் காலத்துச் செம்பு அசல்' என்கிறார். இருக்கலாம். வாதாடாதீர்கள். சுத்தமான செம்பையும் காரம் விடாது என்பதை வாயால் சொல்வதைவிட உரித்துக் காட்டுவது சுலபம். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் நடுவில் உரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு அவரையே பார்க்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்த மனிதர், சொல்லாமலே புரிந்துகொள்வார்.

உங்கள் கடிதத்தில் ஆறாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வயர்கள் எல்லாவற்றையும் அவர் வலை நூலால் இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருக்கிறார், முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன என்று. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆகாய விமானத்தில் ஒயரிங் கட்டுகிறவர்கள் இப்படித்தான் மெழுகு நூலால் கட்டுவார்கள். உங்கள் வீட்டில் அசலான சரக்கு அந்தக் கட்டுதான். அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஹார்னஸை, அதாவது அந்த வயர்க் கட்டை, அப்படியே முழுசாக வெளியே எடுத்து ஒரு பலகையில் விரித்து ஆணியடித்து, எந்த வயர் எங்கே போகிறது, எவ்வளவு நீளம் என்று அதன் மேலேயே புது வயரை வைத்து அளந்து வெட்டுங்கள். பழையது அச்சாக இருக்கும், பிறகு அந்தப் பலகையோடு சுவரில் மாட்டலாம். புது ஹார்னஸில் முடிச்சுப் போடும் வேலையை அவரிடமே கொடுங்கள். கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முடிச்சு நடுங்கினால் பரவாயில்லை, சர்வோ நடுங்கக்கூடாது. சால்டரிங் அயர்ன் மட்டும் அவர் கைக்கு எட்டாத பக்கம் இருக்கட்டும்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விஷயம் வேண்டும்: கறுப்பு வயரை நடுவில் உரித்த படம், டிரான்ஸ்மிட்டர் பின்மூடியைத் திறந்த படம், பேட்டரி முனையிலும் ரிசீவர் முனையிலும் எடுத்த இரண்டு வோல்டேஜ். ரீடிங் எடுக்கும்போது ஸ்டிக்கை ஆட்ட மறக்க வேண்டாம்.